சாவியைக் குடுத்தோம், பூனையைக் குடுக்கல்ல

எங்கட ஊர்ல உம்ராவுக்குப் போறதென்றால் அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கு. புறப்பட ஒரு கிழமைக்கு முதலே வீடு வீடாகப் போய் பயணம் சொல்ல வேண்டும். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்க என்று கேட்க வேண்டும். கடன் இருந்தால் தீர்க்க வேண்டும். நகையை யாரிடம் வைப்பது, கேஸ் சிலிண்டரை மூடியாச்சா, மெயின் சுவிட்சை யார் ஓஃப் பண்ணுவது, ஃப்ரிட்ஜில் மிஞ்சின மீனை யாருக்குக் கொடுப்பது, எல்லாத்துக்கும் ஒரு ஆள் இருக்கும். போன வருஷம் நாங்கள் குடும்பமாகப் போனபோதும் இதெல்லாம் ஒன்று விடாமல் நடந்தது.

பூனைக்கு மட்டும் அரை நிமிஷம்தான் ஒதுக்கினோம்.

அவன் பேர் நூலன். மூத்தம்மா வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் பிறந்த குட்டி. நூல் கண்டைக் கண்டால் விடமாட்டான், அதனால் வந்த பேர். மூன்று வருஷம் எங்கட வீட்டுக்குள்ளதான் வளர்ந்தான். மதிலுக்கு அங்கால போனதே குறைவு. மீனை அவித்து முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவான். அப்படி நாங்கள்தான் பழக்கி வைத்திருந்தோம்.

பக்கத்து வளவு மாமியிடம் சாவியைக் கொடுத்தேன்.

"மாமி, நூலனுக்கு காலையில ஒருக்கா பின்னேரம் ஒருக்கா சாப்பாடு வெச்சிருங்க."

"அதுக்கென்ன மகள், நீங்க மனசு நிம்மதியாப் போய்ட்டு வாங்க. துஆல எங்களையும் சேத்துக்கொள்ளுங்க."

அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு கிலோ பூனைச் சாப்பாட்டுப் பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு வேன் ஏறினோம்.

மதீனாவில் நாங்கள் தங்கின ஹோட்டலுக்கு வெளியே நிறையப் பூனைகள். உம்மா தன் பங்குக் கோழியைப் பிச்சு ஒரு சாம்பல் பூனைக்குப் போட்டார். நான் அதை வீடியோ எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மாஷா அல்லாஹ் என்று முப்பது பேர் பதில் போட்டார்கள். அந்த முப்பது பேரில் ஒருவரும், அதைப் போட்ட நானும், நூலன் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை.

15 நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். குசினி மேசையில் பை முக்கால்வாசி அப்படியே இருந்தது. தண்ணிக் கோப்பை காய்ந்து கிடந்தது. குசினி ஜன்னல் வலையில் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. நூலன் இல்லை.

நடந்தது இதுதான். நாங்கள் போன நாலாம் நாள் மாமியின் உம்மாவைத் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மாமி அவசரமாகப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். "இபாதத்துல இருக்கிற ஆக்கள ஏன் குழப்புவான் எண்டுதான் சொல்லல்ல மகள்" என்று அழுதார். நான் என்ன சொல்வது? அவருடைய உம்மா ஐசியூவில் இருந்த நேரம், எங்கட பூனை அவருக்கு ஞாபகம் வர வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

பதினொரு நாள் தேடினேன். மீன் சந்தை, பள்ளிக்குப் பின்பக்கம், கரைவலை இழுக்கிற இடம், தோணிகளுக்கு அடியில். மஞ்சளும் வெள்ளையுமாக எத்தனையோ பூனைகள் இருந்தன. ஒன்றும் அவன் இல்லை.

*

இதைச் சொன்னால் ஊரில் வருகிற முதல் ஆறுதல், "பூனைதானே, அது எங்கயாச்சும் மீன் தலையத் திண்டு பொழைச்சிரும்" என்பது. கடற்கரை ஊர் என்பதால் இந்த நம்பிக்கை நமக்குக் கொஞ்சம் அதிகம். குட்டி போட்டால் சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வருவதும் இதே நம்பிக்கையில்தான்.

இந்த நம்பிக்கைக்கு மார்க்கத்திலும் ஒரு தூண் இருப்பதாக நினைக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற அந்தப் பெண்ணின் செய்தி மதரஸாவில் எல்லாரும் படித்ததுதான். பூனையைக் கட்டிவைத்தாள், தானும் உணவு கொடுக்கவில்லை, அது தானாகப் போய்ப் பூச்சி புழுக்களைத் தின்னவும் விடவில்லை, அதற்காக நரகம் போனாள். நாம் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: கட்டி வைக்காதே, அவிழ்த்து விட்டால் பொறுப்பு முடிந்தது.

ஆனால் அந்தச் செய்தியை மறுபடி நிதானமாகப் பாருங்கள். வெளியே போனால் அந்தப் பூனை தானாக இரை தேடிக்கொள்ளும் என்பது அதற்குள்ளேயே இருக்கு. நம்ம வீட்டுக்குள் வளர்கிற பூனைக்கு அது பொருந்துமா? இப்ப எங்கட பக்கத்திலயும் பாரசீகப் பூனை வாங்குகிற ஃபேஷன் வந்திருக்கு. தட்டை மூக்கு, நீள முடி, தினம் சீவிவிடாவிட்டால் சடை பிடித்துத் தோலே புண்ணாகிவிடும். அதைக் கொண்டுபோய்க் கடற்கரையில் விட்டால் அது விடுதலையா? பிரதான வீதியில் பஸ் பறக்கிறது, சந்துக்குச் சந்து நாய் நிற்கிறது. தனக்குத் தானே உணவு தேடத் தெரியாத ஒன்றை வெளியே தள்ளுவதும், உணவில்லாமல் கட்டி வைப்பதும், பூனையின் வயிற்றுக்கு ஒரே கணக்குத்தான்.

இன்னொரு செய்தி இருக்கு, அதைத்தான் நான் இப்ப அடிக்கடி நினைக்கிறேன். அபூ கதாதா ரழியல்லாஹு அன்ஹு வுழூச் செய்யத் தண்ணீர் வைத்திருக்கிறார். ஒரு பூனை வருகிறது. அது குடிக்கட்டும் என்று பாத்திரத்தைச் சரித்துப் பிடிக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த மருமகள் ஆச்சரியப்பட, பூனை அசுத்தமில்லை, அது உங்களைச் சுற்றி வருகிறவற்றில் ஒன்று என்று நபிகளார் சொன்னதாகச் சொல்கிறார். சுற்றி வருகிறவர்கள் என்பதற்கு அங்கே வருகிற அரபுச் சொல் தவ்வாஃபீன். நாம் கஃபாவைச் சுற்றுகிறோமே தவாஃப், அதே வேர்.

காலையும் மாலையும் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்த ஒன்றை அரை நிமிஷத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் நான் தவாஃப் செய்யப் போனேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கு.

*

சரி, அழுது முடிஞ்சு. என்ன செய்யலாம் என்பதுக்கு வருவம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். தவறு மாமியுடையது இல்லை. நாங்கள் அவரிடம் சாவியைக் கொடுத்தோம், பொறுப்பைக் கொடுக்கவில்லை. பொறுப்பைக் கொடுப்பதென்றால் என்ன சாப்பாடு, எவ்வளவு, எந்த நேரம், சுகமில்லாவிட்டால் எந்த டொக்டர், அதற்குக் காசு எங்கே இருக்கு, உங்களுக்கு ஏலாமல் போனால் அடுத்து யார், எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். நகையை வைக்கும்போது இத்தனை பவுன் என்று எண்ணி வைத்தோம். அமானிதம் என்ற சொல்லை நகைக்குப் பயன்படுத்தினோம். உயிருள்ள ஒன்றுக்கு அந்தச் சொல் ஞாபகம் வரவில்லை.

உம்மா சொன்னார்: "அல்லாஹ் பாத்துக்குவான் மகள்." உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வில் பொறுப்புச் சாட்டு என்று சொன்ன மார்க்கமும் இதுதான். நாங்கள் கட்டாமலே பொறுப்புச் சாட்டிவிட்டோம்.

பூனையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விசயம்: அது மனிதரோடு ஒட்டுவதைப் போலவே இடத்தோடும் ஒட்டும். புது இடத்தில் பல பூனைகள் ஒளிந்துகொள்ளும், சாப்பிடாது. சாப்பிடாமல் இருப்பது பூனைக்குச் சின்ன விசயம் இல்லை. வளர்ந்த பூனை, அதுவும் கொழுத்த பூனை, ரெண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்தால் அதுவும் ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். ஆகவே மூன்று நாளைக்கு ஒருக்கா வந்து கோப்பையை நிரப்பிவிட்டுப் போனால் போதும் என்ற கணக்கு சரிவராது. தினம் ஒரு மனிதக் கண் அதைப் பார்க்க வேண்டும்.

அதனால் பூனைக்கு முதல் தெரிவு, அதன் வீட்டிலேயே வைத்து நம்பகமான ஒருவர் தினம் ரெண்டு தரம் வந்து பார்ப்பது. யாராவது ராவில் தங்கினால் இன்னும் நல்லம். அந்த ஆள் கிடைக்காவிட்டால் அல்லது பயணம் நீண்டால், பராமரிக்கிற இடமொன்றில் விடுவது.

நாய்க்கு இது கொஞ்சம் வேறு. நாய் ஆட்களைத் தேடும். பாண்டிருப்பில் இருக்கிற என் சினேகிதி வீட்டில் ஒரு நாய். குடும்பமாக வெளிநாட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, நாய்க்குப் பழக்கமான பெரியம்மாவைக் கொண்டுவந்து வீட்டில் இருத்திவிட்டுத்தான் போனார்கள். நாங்கள் ஷாஃபி மத்ஹபுக்காரர், நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவுகிறவர்கள். அதனால் நாய் வளர்க்கிற வீடு எங்கட ஊரில் குறைவு. ஆனாலும் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் அள்ளித் தாகித்த நாய்க்குக் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததையும் அதே மதரஸாவில்தான் படித்தோம். பாண்டிருப்புப் பெரியம்மா செய்ததை எங்கட தெருவில் நாங்கள் ஒரு பூனைக்குச் செய்யவில்லை.

*

கொழும்பில் இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். நாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பூனையையும் நாயையும் பார்த்துக்கொள்கிற இடங்கள் இருக்கு. ஆனால் மருதமுனையிலிருந்து கொழும்புக்கு ராவு முழுக்க பஸ். கூடைக்குள் ஒரு பூனையை அவ்வளவு தூரம் கொண்டுபோவதே அதற்கு ஒரு தண்டனை.

இங்கேயே ஏன் செய்ய முடியாது? என் கேள்வி இதுதான். உம்ரா குரூப் போகாத மாதம் இல்லை. கட்டாருக்கும் சவூதிக்கும் போய் வருகிற குடும்பங்கள், பிள்ளையைப் பார்க்க லண்டன் போகிறவர்கள், கொழும்பில் மருத்துவத்துக்குப் போய் ஒரு மாதம் தங்குகிறவர்கள், எல்லா வீட்டிலும் இப்ப ஒரு பூனை இருக்கு. இன்னொரு பக்கம் ஏஎல் முடிச்சுவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், வீட்டை விட்டு வேலைக்குப் போக முடியாத பெண்கள், பூட்டிக் கிடக்கிற பின் அறைகள். ரெண்டையும் சேர்த்தால் ஒரு சின்னத் தொழில் வருகிறது.

"பக்கத்து வீட்டுப் பூனையப் பாக்கக் காசா? வெக்கமில்லையா?" என்று கேட்பார்கள் என்று தெரியும். எனக்கு இதில் வேறு அபிப்பிராயம். இலவசமாகச் செய்கிற உதவியில் நாம் கேள்வி கேட்க மாட்டோம். மாமியிடம் "ஒவ்வொரு நாளும் ஃபோட்டோ அனுப்புங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் சும்மா செய்கிறார். கூலி என்று ஒன்று வந்தால் கேட்கிற உரிமையும் வருகிறது, சொல்கிற கடமையும் வருகிறது. அதோடு, இந்த இலவச உதவியை எப்பவும் செய்வது யார் என்று பாருங்கள். மாமி, சாச்சி, கல்யாணம் முடிக்காத தாத்தா. ஒரு காக்காவிடம் யாரும் சாவியைக் கொடுப்பதில்லை. பெண்களின் நேரத்துக்கு விலை இல்லை என்ற பழைய கணக்குத்தான் இங்கேயும்.

ஆனால் அறையைத் திறந்து நாலு கூண்டு வைத்தால் மட்டும் போதாது. நல்லெண்ணத்தோடு தொடங்கி பூனைகளைச் சாகடிக்கவும் முடியும். பல பூனைகள் சேருகிற இடத்தில் பெரிய ஆபத்து பன்லியூகோபீனியா என்கிற வைரஸ். வாந்தி, வயிற்றோட்டம் என்று தொடங்கிக் குட்டிகளை ஒன்றிரண்டு நாளிலேயே கொன்றுவிடும். அந்த வைரஸ் ஒரு அறையில் ஒரு வருஷம் வரைக்கும் உயிரோடு இருக்கக்கூடியது. சவர்க்காரத் தண்ணி அதற்குக் கேட்காது, ப்ளீச் கேட்கும். தடுப்பூசி இருக்கு. ஆனால் போட்ட அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது, ஒரு கிழமையாவது ரெண்டு கிழமையாவது வேண்டும். டிக்கெட் போட்ட அன்றைக்கே பூனையின் ஊசியையும் யோசிக்க வேண்டும். பயணத்துக்கு முதல் நாள் ஓடி அலைந்து பலன் இல்லை.

ஆகவே ஒரு இடத்தில் விடுவதற்கு முன்னுக்குப் போய்ப் பாருங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா? கேட்காமல் வாங்குகிற இடத்தில் மற்றப் பூனைகளையும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள். ஒவ்வொரு பூனைக்கும் தனி இடம் இருக்கா, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி இருக்கா, மணல் தட்டு சாப்பாட்டுக் கோப்பைக்குத் தள்ளி இருக்கா? உள்ளே போனவுடன் மூக்கு என்ன சொல்கிறது? ராவில் ஆள் தங்குமா? சுகமில்லாவிட்டால் எந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோவார்கள்? விடும்போது பழகின சாப்பாட்டையும், வீட்டு வாசம் உள்ள ஒரு பழைய சாரன் துண்டையும் சேர்த்துக் கொடுங்கள். வாசத்தில்தான் பூனை வீட்டைக் கண்டுபிடிக்கிறது.

இங்கிலாந்தில் 2018 ஒக்டோபரிலிருந்து, பூனை நாய்களைக் காசுக்குப் பராமரிக்கிறவர் உள்ளூர்ச் சபையிடம் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அதிகாரி வந்து பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுப்பார். நம்ம நாட்டில் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1907இல் எழுதப்பட்டது. அதில் போட்டிருந்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா.  சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு வரைவு எழுதினது 2006இல். அதற்குப் பிறகு எத்தனை அரசாங்கம் வந்து போயிட்டுது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். சட்டம் வரட்டும் என்று இருந்தால் இன்னும் எத்தனையோ நூலன்கள் போய்விடுவார்கள். நாமே ஒரு ஒழுங்கைப் போட்டுக்கொள்வதுதான் வழி.

*

"மனுசனுக்கே வழியில்லாத நாட்டில பூனைக்கு ஹோட்டலா?" என்று ஒரு காக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். 2022இல் கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற நாடு இது. நான் எல்லாரையும் பூனைக்குச் செலவழிக்கச் சொல்லவில்லை. வளர்க்க ஏலாதென்றால் வளர்க்காமல் இருப்பது நல்ல முடிவு. ஆனால் பயணத்துக்கு லட்சக்கணக்கில் சேர்த்தவர், ஊருக்கெல்லாம் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணியும் கொண்டுவருகிறவர், பூனையின் 15 நாளுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைக்க முடியாதவர் இல்லை. டிக்கெட், விசா, ஹோட்டல், பூனை என்று பட்ஜெட்டில் இன்னொரு வரி. அவ்வளவுதான்.

திரும்பி வருகிற திகதி நம்ம கையில் இல்லை என்பதையும் ஞாபகம் வைக்க வேண்டும். 2020 ஜனவரி 23ஆம் திகதி வூஹான் நகரத்தை மூடினபோது, புத்தாண்டு விடுமுறைக்கு நாலைந்து நாள் என்று வெளியூர் போனவர்கள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். பூனையும் நாயும் பூட்டின வீட்டுக்குள். கடைசியில் தொண்டர்கள் உரிமையாளரிடம் கேட்டுக் கதவைத் திறந்து சாப்பாடு வைத்தார்கள். கட்ரீனா புயலுக்குப் பிறகு, வளர்ப்பு மிருகத்தை விட்டுட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர்களின் அனுபவத்தைப் பார்த்து, அவசரகாலத் திட்டத்தில் வளர்ப்பு மிருகங்களையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கா 2006இல் சட்டமே போட்டது.

எங்கட ஊருக்கு இதைப் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உடைந்த வளவுக்குத் திரும்பிப் போன கதையை உம்மா சொல்லும்போது, பாதி இடிந்த மதிலில் உட்கார்ந்திருந்த ஒரு பூனையும் அதில் வரும். அன்றைக்கு யாருக்கும் எதையும் யோசிக்க நேரம் இருக்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. எங்களுக்குப் போன வருஷம் மூன்று மாதம் இருந்தது.

*

இந்த நோன்புக்கு முதல் மாமி உம்ராவுக்குப் போனார். அவர்கள் வீட்டிலும் ஒரு பூனை, சாம்பல் நிறம், வயசானது. பயணம் சொல்ல வந்தவரிடம் நான் ஒரு கொப்பித் தாளை நீட்டினேன்.

"என்ன மகள் இது?"

"எழுதித் தாங்க மாமி. என்ன திங்கும், எப்ப திங்கும், எந்த டொக்டர். எனக்கு ஏலாமப் போனா யாருக்கு அடிக்கிற?"

மாமி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். அது வலது காது சொறிஞ்சா எண்ணெய் போடக்கூடாது, டொக்டர் தந்த மருந்துதான் என்பது வரைக்கும். டொக்டர் செலவுக்கென்று ஒரு கவரும் தந்தார். என் கூலியையும் வாங்கிக்கொண்டேன்.

12 நாள், 12 ஃபோட்டோ. எட்டாம் நாள் அது காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மாமிக்கு ஒளிக்காமல் சொன்னேன். பின்னேரம் சாப்பிட்டது, அதையும் சொன்னேன். இபாதத்தைக் குழப்பிவிட்டேனோ என்று பயந்தேன். மாமி மக்காவிலிருந்து வொய்ஸ் அனுப்பினார்: "சொன்னது நல்லம் மகள். இப்பதான் மனசு நிம்மதியா தவாஃபுக்குப் போறன்."

அந்தத் தாள் இன்னும் எங்கட ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கு. உங்கட வீட்டில் ஒரு பூனையும் கையில் ஒரு டிக்கெட்டும் இருந்தால், இன்றைக்கே ஒரு தாளை எடுங்க.